சத்தம் போடாத டிஸ்க்

சார், சார்... பையை அப்படி இடிச்சு வைக்காதீங்க. மடியில ஒரு சாமான் இருக்கு. துண்டு சுத்தி வச்சிருக்கேன்ல, இதுதான். இல்லல்ல, பச்சைப் பிள்ளை எல்லாம் இல்ல. ஹார்ட் டிஸ்க்கு. உக்காருங்க, நல்லா தாராளமா உக்காருங்க, நான் ஜன்னலோட ஒட்டிக்கிடுதேன். மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். கோவில்பட்டியில ஏறினேன். நீங்க ஏறுன இந்தச் சாத்தூர் வர்றதுக்குள்ள இந்த டிரைவர் ஒரு மேட்டைக் கூட விடல சார். தேடிப் போய் ஏத்துதான். ஒவ்வொரு தூக்கலுக்கும் இதை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிக்கேன்.

மேல கம்பியில வைக்கலாமேங்கீங்களா? குதிக்குமே. கீழ வச்சா இன்ஜின் அதிருது. மடிதான் பத்திரம். நானும் காலைக் கொஞ்சம் தூக்கி வச்சிருக்கேன், அதிர்ச்சி தெரியாம இருக்கட்டும்னு. தொடை மரத்துப் போச்சு. மரக்கட்டும்.

லேப்டாப் பையா அது? கம்ப்யூட்டர் வேலையா? ஓ, மருந்துக் கம்பெனி ரெப்பு. சரி பரவாயில்ல, லேப்டாப் வச்சிருக்கிறவருக்குச் சொன்னா விளங்கும். அதுக்குள்ள என்ன போட்டிருக்கு? ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? தெரியாதா? நல்லா இருக்கு போங்க. வயித்துக்குள்ள என்ன இருக்குன்னே தெரியாம ஊர் ஊராத் தூக்கிட்டு அலையுதீங்க.

போன் என்னுதுதான். அடிக்கட்டும், விடுங்க. என் தம்பி சீனிராஜ். விடிஞ்சதுல இருந்து அடிக்கான். எடுத்து என்னத்தைச் சொல்ல? மதுரையில இதைச் சரி பண்ணுன கையோட நானே கூப்பிடுவேன். அதுவரைக்கும் அடிச்சுக்கிட்டே கிடக்கட்டும்.

என் பேரு வெள்ளைச்சாமி சார். கோவில்பட்டியில எட்டயபுரம் ரோட்டுல 'சுடர் வீடியோ'ன்னு போர்டு பாத்திருப்பீங்க. பாக்கலையா? சரி, நீங்க எங்க பாக்க. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, எல்லாம் எடுப்பேன். கேசட் காலத்து ஆளு நான். கேசட்டு ஓடுற டெக்கு வச்சு, தோள்ல இத்தாம் பெரிய கேமராவைச் சுமந்து எடுத்த கை இது. அந்தச் சுத்து வட்டாரத்துல கேட்டுப் பாருங்க, வெள்ளைச்சாமி எடுத்தா படம் ஆடாதும்பாங்க.

அந்தக் காலத்துல எல்லாம் கேசட்டுல இருந்துச்சு. இப்ப எல்லாம் இதுக்குள்ள இருக்கு. உள்ள ஒரு தட்டு சுத்தும் சார். அது மேல ஊசி மாதிரி ஒண்ணு போய்ப் போய் வரும். காதை வச்சா கேக்கும், 'ங்ங்ங்'னு. வேலை பாக்குதுன்னு அர்த்தம். அந்த எஸ்.எஸ்.டி. இருக்கே, அதுல சுத்துறதுக்கு ஒண்ணும் கிடையாது. பென்டிரைவோட அண்ணன் மாதிரி, வெறும் சிப்பு. வேகம், ஒத்துக்கிடுதேன். இதுல ஒரு டீ குடிச்சிட்டு வர்ற வேலை அதுல தும்முறதுக்குள்ள முடிஞ்சிரும். கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதாம். எல்லாம் சரிதான். ஆனா சாகும்போது? ஒரு சத்தம் கிடையாது சார்! நேத்து ராத்திரி நல்லா இருந்தது, காலையில மாட்டினா பேச்சு மூச்சு இருக்காது. அப்படியே கல்லு.

ஹார்ட் டிஸ்க்கு அப்படியா? நமக்கு முன்னாடியே சொல்லும். 'கடக், கடக்'கும். எனக்கு ஆகலப்பா, பாத்துக்கோப்பாங்கும். எனக்கு அதான் வேணும். சொல்லிட்டுப் போகணும்.

எங்கப்பா அய்யாத்துரை, தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சிக்கு மருந்து முக்குற வேலை. காப்பியைக் குடிச்சாரு, தம்ளரைக் கீழ வச்சாரு, அவ்வளவுதான். நெஞ்சைப் பிடிக்கல, தண்ணி கேக்கல. நான் பக்கத்துல உக்காந்து பேட்டரி துடைச்சுக்கிட்டு இருக்கேன். திரும்பிப் பாத்தா போயிட்டாரு. சத்தமில்லாமப் போற எதையும் அன்னையில இருந்து எனக்குப் பிடிக்காது சார்.

சீனிராஜும் அப்படித்தான் போனான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தொழில் பாத்தோம். நான் எடுப்பேன், அவன் எடிட்டிங். நல்ல கைக்காரன், சும்மா சொல்லக்கூடாது. எங்கேயோ போய் ஒரு எஸ்.எஸ்.டி.யை வாங்கி வந்து மாட்டிட்டு, "அண்ணே, இனி வேலை சீக்கிரம் முடியும், ரெண்டுலயும் ஒவ்வொரு காப்பி போட்டு வச்சுக்கிடுவோம்"ன்னான். எதுக்குலே ரெண்டு, ஒருத்தனுக்கு எத்தனை பொண்டாட்டின்னு கேட்டேன். நான் ஒண்ணும் கோவமாச் சொல்லல. அப்ப கடையில நாலு பார்ட்டி உக்காந்திருந்தாங்க, எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அதுக்கப்புறம் அதை நான் 'விளையாட்டுச் சாமான்'னுதான் சொல்லுவேன். "சீனி, உன் விளையாட்டுச் சாமானைத் தூக்கி அங்கிட்டு வை"ம்பேன். வைப்பான். ஒரு வார்த்தை எதுத்துப் பேசமாட்டான். சண்டை போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?

ஒரு நாள் காலையில சாவியை மேசையில வச்சான். "திருமங்கலத்துல ஒரு கடை பாத்திருக்கேண்ணே"ன்னான். போயிட்டான். நான் அவனை என்ன சொன்னேன் சார், நீங்களே சொல்லுங்க. ஒண்ணுமே சொல்லல.

இந்தா, மறுபடியும் அடிக்கான். அவன்தான். விருதுநகர் இன்னும் வரலையா? என்ன இப்படி உருட்டுதான். கண்டக்டரே, கொஞ்சம் விரட்டச் சொல்லுங்கய்யா! வேண்டாம், வேண்டாம், மெதுவாவே போகட்டும். குலுங்கும்.

விஷயம் இதான் சார். சீனி கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். வெளி ஆளை விடுவேனா? காலையில நாதஸ்வரத்துல இருந்து மறுவீடு வரைக்கும் கேமராவைக் கீழ வைக்கல. எங்கப்பா போட்டோவுக்கே நிக்காத மனுசன். ரேஷன் கார்டுல இருக்கிறதுதான் ஒரே படம், அதுலயும் கண்ணை மூடியிருப்பாரு. அந்தக் கல்யாணத்துல மட்டும் என்ன தோணுச்சோ, கேமராவுக்கு முன்னால வந்து பேசினாரு. என்ன பேசினாருன்னு கேக்காதீங்க, நினைவு இல்ல. எடுக்கிறவனுக்கு லைட்டு சரியா இருக்கா, பேட்டரி இருக்கான்னுதான் புத்தி போகும். பேச்சு காதுல ஏறாது.

எடிட் பண்ணலையாங்கீங்களா? வீடியோக்காரன் சொந்த வீட்டுக் கல்யாணம் என்னைக்கு சார் எடிட் ஆகியிருக்கு! அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் அவசரம். நம்ம வீடுதானேன்னு கிடந்துச்சு. கேமரா கார்டை அடுத்த முகூர்த்தத்துக்கு அழிச்சாச்சு. எல்லாம் இந்த டிஸ்க்குல பத்திரமா இருக்குன்னு இருந்தேன்.

போன வாரம் போன் பண்ணுதான். ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் நான் எடுத்துப் பேசினேன். "அண்ணே, வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் காதுகுத்து. அப்பா பேசுற அந்த ஒரு இடத்தை மட்டும் குடு. மண்டபத்துல போட்டுக் காட்டணும், பிள்ளை தாத்தாவைப் பாக்கட்டும்"ன்னான். பிள்ளைக்கு அப்பா பேரைத்தான் வச்சிருக்கான். அந்தச் சேதியைக் கூட எனக்கு ஊர்க்காரன் சொல்லித்தான் தெரியும். சீனியும் போன் பண்ணினான், இல்லேங்கல. நான்தான் எடுக்கல.

நான் நெஞ்சை நிமித்திச் சொன்னேன், "லே, என் ஹார்ட் டிஸ்க்குல பத்திரமா இருக்கு. வந்து வாங்கிட்டுப் போ"ன்னு. வச்ச கையோட போய் மாட்டினா, 'கடக், கடக், கடக்'. திரையில ஒண்ணும் வரல.

புதுச் சத்தமா? இல்ல இல்ல. அது தை மாசத்துல இருந்தே போட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நல்லாவே சொல்லுச்சு, பாவம். அதைக் குறை சொல்லக்கூடாது. அப்பவே வேற ஒண்ணுல ஏத்தியிருக்கலாமேன்னா, எங்க நேரம்? தை, மாசி, பங்குனி, ஒரே முகூர்த்தம். சத்தம் வந்தா உசுரோட இருக்குன்னுதானே அர்த்தம்னு விட்டுட்டேன்.

அப்புறம் பண்ணாத வைத்தியம் இல்ல. குளிரில வச்சா சரியாகும்னு ஒருத்தன் சொன்னான். பிளாஸ்டிக் கவர்ல போட்டு பிரிட்ஜுல இட்லி மாவுக்குப் பக்கத்துல வச்சேன். என் பொண்டாட்டி என்னைப் பாத்த பார்வை இருக்கே! எடுத்து மாட்டினேன், 'கடக்'. வெயில்ல வச்சேன், 'கடக்'. தினமும் காலையில சாமி கும்பிட்டுட்டு மாட்டிப் பாப்பேன், உசுர் இருக்கான்னு. இன்னைக்கும் கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துட்டுத்தான் வாரேன்.

கடைசியில நானே ஒரு முடிவு பண்ணினேன். டெக்குல படம் புள்ளி புள்ளியா வந்தா நாங்க என்ன செய்வோம்? மூடியைக் கழட்டி, மெல்லிசுத் துணியில ஸ்பிரிட்டைத் தொட்டு, சுத்துற உருளையை லேசா ஒரு துடை. படம் பளிச்சுனு வந்துரும். எத்தனை டெக்கைத் துடைச்ச கை இது! அதே மாதிரி இதையும் திறந்தேன். பொடிப் பொடி ஸ்குரு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாக் கழட்டினேன். உள்ள பாத்தா கண்ணாடி மாதிரி மின்னுது சார், என் முகம் தெரியுது. பழைய வேட்டி, சலவை பண்ணுன வேட்டி, அதுல கிழிச்சு ஸ்பிரிட்டைத் தொட்டு பூ மாதிரித் துடைச்சேன். தூசி இருந்தா போகட்டும்னு ஒரு ஊது ஊதினேன்.

என்ன சார், முகம் ஒரு மாதிரிப் போகுது? என்ன? ஒரு தூசி கூட உள்ள போகக்கூடாதா? நீங்க மருந்து விக்கிறவரு, உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க மச்சான் சென்னையில டிஸ்க்கு சரி பண்ணுற வேலையா? ஓ. மூடியைத் திறக்கவே கூடாதாமா? தூசி புகாத கண்ணாடி ரூம்ல வச்சுத்தான் திறப்பாங்களா?

இதைச் சரி பண்ணித் தர்ற மதுரைக் கடைக்காரனும் போன்ல அதைத்தான் கேட்டான். "திறந்தீங்களாண்ணே?"ன்னு. இல்லன்னுட்டேன். திருப்பி ஸ்குருவெல்லாம் ஒழுங்கா முடுக்கித்தானே வச்சிருக்கேன். திறந்த தடமே தெரியாது சார், சுத்தமான வேலை.

தண்ணி இருக்கா? கொஞ்சம் குடுங்க.

சார், ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. போயிருச்சா? ஊதினதுல எங்கப்பா போயிட்டாரா? தலையை ஆட்டாதீங்க, வாயால சொல்லுங்க. சரி, சொல்லவும் வேண்டாம்.

வேற காப்பியா? இருக்கு. இந்தா, சட்டைப் பையில. தீப்பெட்டி மாதிரி இருக்குல்ல, இதான் அவன் விளையாட்டுச் சாமான். போற அன்னைக்கு சாவியோட சேத்து இதையும் வச்சான். "கல்யாணத்தை இதுலயும் போட்டிருக்கேண்ணே. நாலஞ்சு மாசத்துக்கு ஒருக்கா கரண்டு காட்டு, சும்மாவே கிடந்தா மறந்துரும்"ன்னான். மறக்கிறதுக்கு இது என்ன மனுசனா! தூக்கி பீரோ மேல எறிஞ்சேன். எங்க மாடி தகரம் போட்டது, சித்திரை வெயில்ல பீரோ மேல கை வைக்க முடியாது. ரெண்டு வருஷம் அங்கதான் கிடந்துச்சு.

மாட்டிப் பாக்கல சார். இதுவரைக்கும் பாக்கல. ஏன்னு கேட்டா என்ன சொல்ல? மாட்டி, அதுல இருந்துச்சுன்னா அவன் ஜெயிச்சான். இத்தனை பேருக்கு முன்னால நான் பேசுன பேச்செல்லாம் என்ன ஆகுறது? அதைக் கூட விடுங்க. இல்லாமப் போச்சுன்னா? ஹார்ட் டிஸ்க்கை மாட்டி மாட்டிப் பாத்து ஒவ்வொரு நாளும் செத்துட்டேன். இதை மாட்டாத வரைக்கும் எங்கப்பா இதுல இருக்காரு சார். மாட்டிப் பாத்து இல்லேன்னா, அப்புறம் எங்கேயும் இல்ல.

லேப்டாப்பை எதுக்கு எடுக்கீங்க? வேண்டாம் சார். உள்ள வைங்க. மதுரையில பாத்துக்கிடலாம். சார்... சரி, இந்தாங்க. வயரு இதுலயே இருக்கு. நீங்களே மாட்டுங்க. மெதுவா! ஓ, இது குலுங்கலாம்ல.

லைட்டு எரியுதா? ஒண்ணும் காணோமே. சத்தமே வரலையே சார், வேலை பாக்குதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்க? இதனாலதான் எனக்கு இது பிடிக்காது. நீலமா ஒண்ணு மினுக்குது. ஏன் இவ்வளவு நேரம்? வேகம் வேகம்னானே! இருங்க, பிடுங்காதீங்க, இருக்கட்டும்.

வந்துருச்சா? எங்க? 'சீனி கல்யாணம்'. அவன் வச்ச பேருதான். தட்டுங்க. ஓடலையா? அடுத்ததைத் தட்டுங்க. அதுவும் ஓடலையா? மறந்துருச்சு சார், அவன் சொன்ன மாதிரியே மறந்துருச்சு. நான்தான் கரண்டு காட்டல. நிறுத்தாதீங்க, ஒவ்வொண்ணாத் தட்டுங்க. சாப்பாட்டுப் பந்தி ஓடுதா? அது வேண்டாம், போங்க. பொண்ணு வீட்டுக்காரங்க. போங்க. இது ஓடல. போங்க. அடுத்தது...

நில்லுங்க! இல்ல, நிறுத்தாதீங்க, ஓடட்டும். அதான் சார். தோள்ல துண்டு போட்டு வர்றாருல்ல. எங்கப்பா.

சத்தத்தைக் கூட்டுங்க. பஸ் இரைச்சல்ல கேக்கல. காதுல மாட்டுறது வேண்டாம், நல்லாக் கூட்டியே வைங்க, யாருக்கு என்ன? ஏம்மா, முன்னால, அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் அமத்தும்மா. அப்பா பேசுதாரு.

கேட்டீங்களா? "ஏலே பெரியவனே"ங்காரு. என்னைத்தான். வீட்டுல நான்தான் பெரியவன். "எத்தனை நேரம்லே அந்தக் கருமத்தைச் சுமப்பே. கீழ வச்சுட்டு வந்து தம்பி பக்கத்துல நில்லுலே"ங்காரு. என்னையவா கூப்பிட்டாரு? நான் கேக்கவே இல்ல சார். சத்தியமா என் காதுல விழல.

படம் பாத்தீங்களா? அப்பா கையை நீட்டி நீட்டிக் கூப்பிடுதாரு, கேமரா ஒரு நூல் ஆடுதா? அதான் வெள்ளைச்சாமி கை! வேற எவனா இருந்தாலும் ஆட்டியிருப்பான். ஒரு நூல் ஆடல, பாருங்க...

திரும்பப் போடுங்க.

இன்னொருக்கா போடுங்க சார். இங்க சீனியைப் பாருங்க, மாலையோட நிக்கான்ல. அப்பா கூப்பிட்டதும் பொண்ணை நகரச் சொல்லிட்டு அந்தப் பக்கமாத் தள்ளி நிக்கான். நடுவுல இடம் கிடக்கு பாருங்க. எனக்குத்தான் அது. நான் வருவேன்னு விட்டுட்டு நிக்கான். இந்தா, படம் கிட்டப் போகுது. அது நான்தான் சார். நடுவுல காலியாத் தெரியுதே, நல்லா இல்லையேன்னு ஜூம் பண்ணி அதை அடைச்சுட்டேன். கூப்பிட்டாரு, நான் போகல. அவன் இடம் விட்டான், நான் அடைச்சுட்டேன்.

ஒண்ணும் இல்ல சார். தூசி. ஜன்னல் திறந்திருக்கு.

அடிக்கான். இருங்க, இந்தத் தடவை எடுக்கேன். ஹலோ... ஆமாலே, நான்தான். பஸ்ல இருக்கேன்... இருக்கு, இருக்கு, கிடைச்சிருச்சு. அப்பா பேசுறது இருக்கு... எதுலயா? எதுல இருந்தா உனக்கு என்னலே? என்கிட்ட இருந்துச்சு... ஏன் சிரிக்கே? என்னத்துக்குச் சிரிக்கே நீ?... ஆமா, மாட்டினேன். மாட்டினேன்னு சொல்லுதேன்ல. கொஞ்சம் போயிருச்சு, மத்தது இருக்கு... அழாத லே. பிள்ளை எங்க? பிள்ளையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வா. இப்பவே.

கண்டக்டரே! திருமங்கலம் உள்ள போகும்ல? ஒரு ஆள் இறங்கணும். டிக்கெட்டு மதுரைக்குத்தான், இருக்கட்டும்யா. சார், அதைக் கழட்டிக் குடுங்க. பிடுங்குறதுக்கு முன்னாடி ஏதோ அமுக்கணும்பானே சீனி, அதை அமுக்கிட்டுக் கழட்டுங்க.

ஹார்ட் டிஸ்க்கா? ஆமா, மடியில இருக்கிறதையே மறந்துட்டு எந்திரிச்சுட்டேன் பாருங்க. குடுங்க, பையில போட்டுக்கிடுதேன். குலுங்கினா குலுங்கட்டும்.

அவன் பக்கத்துல ஒருக்கா போய் நிக்கணும் சார், பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு. கேமராவை அவன் பொண்டாட்டி கையிலதான் குடுக்கணும். அவ எடுத்தா படம் ஆடும்.

ஆடட்டும்.